பன்னிரண்டாம் நம்பர் அறைக்கு இரண்டு டவல்

எனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது. பெருமைக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் படுத்தெழுந்த கட்டிலை உதறி, அடுத்தவர் உட்கார்ந்தெழுந்த கோப்பையைத் தேய்த்துப் பிழைக்கிறவளுக்குக் குமட்டல் வந்தால் பிழைப்பு ஓடாது. கல்யாணத்துக்கு வந்த கூட்டம் ஒன்று குளியல் தொட்டியில் வாந்தி எடுத்து, அதன்மேல் மாலையைப் போட்டு மூடிவிட்டுப் போனதை இந்தக் கையால் வாரியிருக்கிறேன். மேலே தண்ணீர்த் தொட்டியில் புறா செத்து மிதந்த வாரத்தில், அதே தண்ணீரில் குளித்த ஒரு விருந்தாளி, பழைய கட்டடத்துக்கென்றே ஒரு வாசம் இருக்கிறது என்று ரிசப்ஷனில் மெச்சிவிட்டுப் போனாராம். அன்றைக்கு அந்தப் புறாவை வாளியில் எடுத்துக்கொண்டு இறங்கியதும் நான்தான். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

புனேயில் கேம்ப் பக்கம் வருகிறவர்கள் எங்கள் ஹோட்டலைப் பார்க்காமல் போக முடியாது. ஒரு பக்கம் பஜார், இன்னொரு பக்கம் சர்ச், நடுவில் ஹார்ன் அடித்துக்கொண்டு நகராமல் நிற்கும் ஆட்டோக்கள். அந்த இரைச்சலுக்குள் வெள்ளைக்காரன் காலத்துப் போர்ட்டிகோவையும் தேக்குப் படிக்கட்டையும் வைத்துக்கொண்டு, பவுடர் பூசிய கிழவி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்க்கிற கூட்டம் ஒன்று வரும். எல்லாம் தண்ணீர் பாட்டிலும் செல்போனுமாக வருகிற இளவட்டங்கள். படிக்கட்டின் கைப்பிடியைத் தடவி "வாவ்" என்பார்கள். அந்தக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் எத்தனை வருஷத்துச் சூயிங்கம் ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கம்பளங்களைத் துவைப்பதில்லை, வாசனை அடித்து விடுவார்கள். சமையலறைச் சாக்கடையில் கரப்பான் குடித்தனம் நடத்துகிறது. மேலே சிங்காரம், உள்ளே ஓக்காளம்.

இந்த ஹோட்டலில் ஒரு பழைய சட்டம் உண்டு. நடையில் விருந்தாளி எதிரே வந்தால், எங்களைப் போன்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்க வேண்டும். விருந்தாளி கடந்து போன பிறகுதான் திரும்பலாம். வெள்ளைக்காரன் போட்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டம் மட்டும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். இப்போது அதற்குப் பாரம்பரியம் என்று பெயர். ஒருநாள் அந்தச் சுற்றிப் பார்க்கிற கூட்டத்துக்கு அதை நடித்துக் காட்டச் சொல்லி என்னை நிறுத்தினார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். என் முதுகு எத்தனை பேர் போனில் இருக்கிறதோ, தெரியாது. தூத்தேறி என்று துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பினால் நான்தானே துடைக்க வேண்டும்.

எங்கள் வீடு விஷ்ராந்த்வாடியில். என் வீட்டுக்காரர் தேஹு ரோட்டில் ராணுவ டிப்போவில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் எனக்கு விவரம் தெரிந்ததெல்லாம் புனேதான். காய்கறிக்காரனிடம் மராத்தி, பஸ்ஸில் இந்தி, கோயிலில் தமிழ். எங்களவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஒரே மகள், ஐ.டி.யில் வேலை. தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள்.

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது பயோடேட்டா ஒன்று தயாரானது. டைப் அடித்தது அவளேதான். அப்பா பெயருக்கு எதிரே மத்திய அரசு ஓய்வு என்று வந்தது. என் பெயருக்கு எதிரே "அட்மினிஸ்ட்ரேஷன், ஹெரிடேஜ் ஹோட்டல்" என்று வந்தது. அவள் அடிக்கிறபோது நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மம்மி, ஹவுஸ்கீப்பிங்னு போட்டா எப்டி? எல்லாரும் தோடா தோடா ஏத்தித்தான் போடுவாங்க" என்றாள்.

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பொய் ஒண்ணும் இல்லியே, ஹோட்டல்ல தானே வேலை" என்றார்.

வலித்தது, ஆனால் யாரைச் சொல்லிக் குற்றம்? யூனிஃபார்மை ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டு வராதவள் நான்தானே. சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறி, அங்கே போய் மாற்றி, சாயங்காலம் மறுபடி சேலையில் வந்து இறங்குவேன். பக்கத்து வீட்டுக்காரி இன்று வரைக்கும் நான் ஏதோ கணினி முன்னால் உட்காருகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பாளையங்கோட்டையிலிருந்து வரன் அமைந்தது. பையனுக்குப் பெங்களூரில் வேலை. ஆறு மாதம் வீடியோ காலில் பேசினார்கள், இரண்டு முறை நேரில் சந்தித்தார்கள். மகளுக்குப் பிடித்துப்போனது. நிச்சயத்தைப் புனேயில் வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை சாயங்காலம் நிச்சயம், மறுநாள் ஞாயிறு எங்கள் கோயிலில் முதல் ஓலை வாசிப்பு என்று முடிவானது. ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பது. ஒரு தடவை வாசித்துவிட்டால் பிறகு நிறுத்துவது சாதாரண காரியம் இல்லை. ஊர் வாயை மூட முடியாது.

அப்போதுதான் பையனின் அப்பா போனில் சொன்னார். "வேற எங்கயும் ரூம் பாக்காண்டாம். சம்பந்திம்மா வேலை பாக்குற ஹோட்டல்லயே தங்கிக்கிடுதோம். நமக்கும் ஒரு மதிப்பு பாத்தீங்களா."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை டைப் அடித்து அனுப்பிய குடும்பம் எங்களுடையது.

நான் வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு சொல்லிவிட்டேன். முதல் மாடியில் பதினொன்றும் பன்னிரண்டும் அவர்களுக்கு. பதினொன்றில் அப்பாவும் அம்மாவும், பன்னிரண்டில் மாப்பிள்ளை. கீழே சின்ன ஹாலை நிச்சயத்துக்கு ஹோட்டலே கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டுச்சேலை கட்டி, போர்ட்டிகோவில் நின்று அவர்களை வரவேற்றேன். ரிசப்ஷனில் இருக்கிற மராட்டிக்காரர் தினமும் என்னை "மௌஷி" என்று கூப்பிடுகிறவர். மௌஷி என்றால் சித்தி. இந்த ஊரில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் கெஞ்சி வைத்திருந்தபடி அன்றைக்கு "மேடம்" என்றார். என்றுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருந்தான். "ஸ்தோத்திரம் ஆன்ட்டி" என்று இரண்டு கையையும் கூப்பினான். லாபியில் எனக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தான். சபையில் கிதார் வாசிப்பானாம். அவன் அம்மா ஒல்லியாக, சற்றுக் கூன் விழுந்து, எதற்கும் சிரிக்கிற பெண்பிள்ளையாக இருந்தாள். நல்ல இடம்தான் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் எங்கள் மேற்பார்வையாளர் போன் செய்தார். இரண்டு பேர் வரவில்லை, மத்தியானம் வரைக்கும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ, வராவிட்டால் இன்றைக்கு ஹாலும் கிடையாது, அடுத்த மாதம் வேலையும் கிடையாது என்றார். மகளுக்கு நிச்சயம் என்றேன். நிச்சயம் சாயங்காலம்தானே என்றார். போனேன். இரண்டாம் மாடி கொடுங்கள் என்று கேட்டேன். முதல் மாடிதான் என்றார். ஏன் கூடாது என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அவர்கள் என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றா சொல்வது? சாம்பல் நிற யூனிஃபார்மை மாட்டி, வெள்ளை ஏப்ரனைக் கட்டி, குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவர்கள் கீழே சாப்பிடப் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டாம் நம்பர் கதவை மூன்று தரம் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்றேன். பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்தேன்.

ஒரு அறையைத் திறந்ததுமே எனக்கு அதில் இருக்கிறவனைத் தெரிந்துவிடும். கட்டில் பக்கம் காலிப் பாட்டில் இரண்டு. தண்ணீர்த் தம்ளருக்குள் குட்கா எச்சில், செம்மண் கரைத்ததுபோல. தலையணை உறையில் ஷூ துடைத்திருந்தான். நாங்கள் வெள்ளைத் துணியை எப்படி வெளுக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் அந்தக் கறுப்புத் தடத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. குளியலறைப் பக்கம் சரசரவென்று தேய்க்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, பாத்மேட்டை மடித்துப் போட்டு அதில் மண்டியிட்டு, கோப்பையைச் சுற்றித் தரையில் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரிலும் சிவப்பாகத் துப்பல். கையில் எங்கள் டவல்.

அவள் தலையைத் தூக்கினாள். என் குல்லாயைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சம்பந்திம்மா?"

என்ன சொல்ல? அவள் தரையில், நான் வாளியோடு.

அதற்குள் கதவு படாரென்று திறந்தது. மாப்பிள்ளை போனை நோண்டிக்கொண்டே வந்தான். சார்ஜரைப் பிடுங்கினான். எனக்கு இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், உடம்பு தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. ஓரக்கண்ணில் அவன் கால் தெரிந்தது. செருப்புப் போட்ட காலை நீட்டி, வாந்தி கிடந்த இன்னொரு மூலையைச் சுட்டிக்காட்டினான்.

"ஏ பாய், இதர் பீ மாரோ போச்சா. ஜல்தி."

வேலைக்காரி, இங்கேயும் துடை, சீக்கிரம் என்று சொல்கிறான். கையால் காட்டக்கூட இல்லை, காலால். பெற்ற தாய் தரையில் மண்டியிட்டிருக்கிறாள். அவளிடம், "நீ ஏம்மா செய்யுத, அதுக்குத்தான் ஆள் இருக்குல்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கதவு மூடியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஈரக்கை.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க. நானும் உங்களைப் பாத்ததா யார்ட்டயும் சொல்ல மாட்டேன். அவன் நல்லபுள்ள. எப்பமாச்சும்தான் குடிப்பான். மத்தவங்க பாத்துறக் கூடாதுன்னுதான் நானே துடைக்க வந்தேன். ஒரு கால்கட்டு போட்டா சரியாயிருவான்."

அவள் சிரித்தாள். நேற்று சிரித்த அதே சிரிப்பு.

"அவன் அப்பாவும் இப்படித்தான் இருந்தாக. இப்ப நாள்பட நாள்பட எனக்கு முதுகு வளைய மாட்டேங்கு. உங்க மக வந்துட்டா எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் பாத்துக்கிடுங்க."

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் என்னை அறைந்தது. நான் பெற்று வளர்த்து, ஒரு பாத்திரம் கழுவ விடாமல் படிக்கவைத்த மகளை இந்தப் பாத்மேட்டின் மேல் மண்டியிட வைக்க, இவள் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். மீதி வாந்தியை மட்டும் நானே துடைத்தேன். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். அவளைத் தூக்கிவிட்டு, பதினொன்றாம் அறைக்கு அனுப்பினேன். அவள் படுத்தாளா, அங்கேயும் துடைத்தாளா, தெரியாது.

பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மணி வரைக்கும் பேய் பிடித்தவள் மாதிரி கட்டில்களை உதறினேன். சொன்னால் நிச்சயம் நிற்கும். கூடவே அட்மினிஸ்ட்ரேஷன் மேடத்தின் சாயமும் வெளுக்கும். சொல்லாவிட்டால் நாளைக் காலை ஓலை வாசித்துவிடுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். அதுதான் எனக்கே என்மேல் அருவருப்பு.

ஒரு மணிக்கு மகள் வந்தாள். ஹாலுக்குப் பின்னால் அலங்காரத்துக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. பியூட்டிஷியன் இன்னும் வரவில்லை. நான் யூனிஃபார்மோடேயே போய் நின்றேன். அவள் என்னை அந்தக் கோலத்தில் பார்ப்பது அதுதான் முதல் முறை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மம்மி, கதவைச் சாத்து, யாராவது வந்துருவாங்க" என்றாள்.

சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், எச்சில், ஷூ, வாந்தி, அவன் அம்மா, அவன் கால்.

குடித்ததைக் கேட்டு முகம் சுண்டியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் வந்திருப்பாங்க. ஒரு தடவை ஹோ கயா. அதுக்கு?"

"அவன் என்னை மூஞ்சியப் பாத்து ஒரு மனுஷின்னுகூட நினைக்கலடி. நேத்து எனக்கு முன்னால உக்காந்து காபி குடிச்சவன்."

"நீதான் செவுத்தைப் பாத்து நிப்பியே மம்மி. நீயே சொல்லிருக்கியே. பின்னாடி பாத்தா எப்டித் தெரியும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க ஆஃபீஸ்ல க்ளீன் பண்றவங்க மூஞ்சி எனக்கும் தெரியாது. நானும் பாத்ததில்ல. அப்போ நானும் கெட்டவளா?" என்று கேட்டாள்.

வீட்டில் அவள் குளியலறைச் சாக்கடையில் முடியை எடுத்துப்போடுவது யார்? நான். எழுந்த படுக்கையை மடிப்பது யார்? நான். இவளுக்குக் கண்ணைத் திறந்து பார்க்க எவள் சொல்லிக்கொடுத்தாள்? கோபம் யார்மேல் வந்தது என்று தெரியவில்லை, வந்தது.

"அப்ப நீயே போய்ப் பாரு. உன்னைத் தெரியுதான்னு பாரு."

சும்மா வாய்ப்பேச்சுக்குத்தான் சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள்.

"சரி. குடு."

லாக்கரில் என் இன்னொரு யூனிஃபார்ம் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஏப்ரனை நான் கட்டிவிட்டேன். குல்லாயைக் கையில் எடுத்தேன். இன்றைக்கு இந்தத் தலையில் பூ வைக்க வேண்டியவள் நான். முகத்தை மறைக்காமல் குல்லாயைப் பின்னால் தள்ளி வைத்தேன்.

"செவுத்துப் பக்கம் திரும்பாத. நேராப் பாரு. சத்தமாக் கூப்பிடு" என்றேன்.

"ஆறு மாசமா டெய்லி பேசுறான் மம்மி. குரலை வச்சே கண்டுபிடிச்சுருவான். பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கப் போறான், நீ பாரு."

வேலைக்காரர்கள் போகிற பின்படி வழியாக ஏறினோம். நான் படிக்கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் புது டவல் இரண்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடையில் போனாள். அந்தக் கம்பளத்தின் மக்கல் வாசனை அன்றைக்கு மூக்கைத் துளைத்தது. கதவைத் தட்டினாள். "ஹவுஸ்கீப்பிங்" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, தெளிவாகச் சொன்னாள்.

கதவு திறந்தது. அவன் பனியனோடு நின்றான். இரண்டு கையாலும் போனில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தான். அவள் நேரே அவன் முகத்தைப் பார்த்தபடி டவலை நீட்டினாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தர் ரக் தோ" என்றான்.

அவள் உள்ளே போய் டவலை வைத்துவிட்டு வந்தாள். வாசலில் மறுபடி அவன் முன்னால் நின்றாள். ஒரு முழம்கூட இல்லை, மூச்சுக்காற்று மேலே படுகிற தூரம். அவன் அடித்து முடித்துவிட்டுப் போனுக்குள்ளேயே சிரித்தான். நகராமல் நிற்கிறாளே என்று தோன்றியிருக்க வேண்டும். "அவுர் க்யா? ஜாவ்", வேறென்ன, போ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

அந்த நேரம் பார்த்து அவள் ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது.

படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ரெடியாயிட்டியா செல்லம்? உன் முகத்தைப் பாக்காம இருக்க முடியல.'

அவள் அழவில்லை. போனை வாங்கி, கட்டைவிரலால் மெதுவாக எழுதினாள். 'ரெண்டு டவல் போதுமா?'

உடனே பதில் வந்தது. மூன்று கேள்விக்குறி, ஒரு சிரிக்கிற பொம்மை.

அதன் பிறகு நடந்தது கொஞ்சம்தான். ஐயர், அதாவது எங்கள் குருவானவர், வருவதற்கு முன்பே இரண்டு வீட்டாரையும் அந்த அலங்கார அறைக்குக் கூப்பிட்டோம். மகள் யூனிஃபார்மைக் கழற்றவில்லை. டவல் கொண்டுவந்தது நான்தான் என்றாள். அவன் முதலில் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். பிறகு, "ஹோட்டல் ஸ்டாஃப் மூஞ்சிய யாரு பாப்பா? இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றான். அவள் "ஆமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தமிழ் அவளுக்கு அதற்கு மேல் வரவில்லை போல.

அவன் அப்பாதான் குதித்தார். "பாத்ரூம் கழுவுறவளை ஆபீசர்னு சொல்லி ஏமாத்துனது நீங்க. இப்ப எம்புள்ள மேல பழி போடுதீங்களோ?"

அதை நான் மறுக்கவில்லை. "பொய்தான் சொன்னோம். பாத்ரூம்தான் கழுவுதேன். உங்க பையன் பாத்ரூமையும் நான்தான் கழுவினேன்" என்றேன். அதில் பாதியைக் கழுவியது யார் என்று சொல்லவில்லை. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் மகளை ஒரு பார்வை. நேற்றுப் போலச் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹாலில் போட்டிருந்த நாற்காலிகளை மறுபடி அடுக்க எங்களவர்களே உதவிக்கு வந்தார்கள். வந்த கையோடு, வேலைக்காரி மகள் என்று தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்டுப் போனதாகச் சபை முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான் பேச்சு. பேசட்டும். மகள் தன் குளியலறையை இன்னும் கழுவுவதில்லை. அது வேறு சண்டை.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை, டூட்டிக்குப் போனேன். அவர்கள் விடியற்காலையே அறைகளைக் காலி செய்துவிட்டார்கள் என்று ரிசப்ஷனில் சொன்னார்கள். மராட்டிக்காரர் இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டவில்லை. சாவியைக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நம்பரை நான் திறக்கும்போது பக்கத்துச் சர்ச்சில் மணி அடித்தது. எங்கள் கோயிலில் அந்த நேரத்துக்குத்தான் ஓலை வாசிக்க வேண்டியது. எப்படியும் பழிவாங்கிவிட்டுத்தான் போயிருப்பான் என்று நினைத்தேன். கட்டிலில் எதையாவது கொட்டியிருப்பான், சுவரெல்லாம் துப்பியிருப்பான். அதற்கென்று இரண்டு வாளி கொண்டுபோயிருந்தேன்.

அறை பளிச்சென்று இருந்தது. தலையணை உறையைச் சோப்புப் போட்டுத் துவைத்து நாற்காலியில் காயப்போட்டிருந்தது. தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. குளியலறையில் ஒரு முடி இல்லை, ஒரு துளித் தண்ணீர் இல்லை. சுவரில் இருந்த சிவப்பைச் சுரண்டி எடுத்திருந்தது. குழாய் மினுங்கியது. என் மகள் கொண்டுபோய் வைத்த டவல் இரண்டும் நாலாக மடித்து ஓரம் சேர்த்து வைத்திருந்தது. இந்த ஹோட்டலில் இத்தனை சுத்தமான குளியலறையை நான் பார்த்ததில்லை, நானே கழுவியும்.

கோப்பைக்கு முன்னால் பாத்மேட் மடித்துக் கிடந்தது. அதில் இரண்டு முழங்கால் பள்ளம். குனிந்து தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் வராதது வயிற்றுக்குள்ளிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. அவள் தேய்த்து வைத்திருந்த அந்தக் கோப்பையிலேயே வாந்தி எடுத்தேன்.